நாலாம் லயம், ஏழாம் கதவு

சட்டம் மலாயில் வந்தது, நாற்பத்தொரு பக்கம்.
ஒன்பதாம் கட்டையில் அதைத் தமிழில் சொல்ல
என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
செம்பனை ஆலையின் எடைமேடையில்
லாரிக்குச் சீட்டு எழுதுகிறவள்,
எழுத்துக்கூட்டாமல் படிப்பேன் என்று பேர்.

முதல் பக்கத்தில் நல்ல செய்தி.
கரிமண் காட்டை ஒட்டிய வீடுகளுக்கு
முப்பது மீட்டர் வெற்று நிலம்,
ஒரு வாய்க்கால், தண்ணீர்க் குழாய்,
வறட்சி மாதத்தில் காவல்.
விக்டர் அண்ணன் கைதட்டினார்.
இரண்டாம் பக்கம் திருப்பினேன்.
வீடு என்றால் என்னவென்று அங்கே எழுதியிருந்தது.

குடிபுகு சான்றிதழ் பெற்ற கட்டடம்.
பெறாதது "அமைப்பு".
பஞ்சவர்ணம் கேட்டாள்:
அமைப்புன்னா, சங்கமா?
எல்லாரும் சிரித்தோம்.
பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினோம்.

பிப்ரவரியில் மழை இல்லை.
கரிமண் தீ கொழுந்து விடாது.
அடியில் நடக்கும், வேரைப் பிடித்துக்கொண்டு.
ஒரு வாரம் கழித்து எங்கோ
ஒரு செருப்பின் கீழ் சூடாக வந்து நிற்கும்.
மேலே புகை மட்டும்
துணிக்கயிற்றில் உட்கார்ந்திருக்கும்.

பொம்பா வந்தது. சுல்கிப்ளி நல்லவர்,
மூன்று இரவு தூங்கவில்லை.
ஆனால் அவர் கையில் வரைபடம் இருந்தது.
வாய்க்கால் வெட்டும் இயந்திரம்
தாமான் செரோஜாவின் பின்வேலிக்குப் போனது.
ஆள் குடிவராத வீடுகள்,
ஜன்னலில் ஸ்டிக்கர் இன்னும் உரிக்காதவை.
அவை சிவப்பு. எங்கள் இடம் பச்சை,
பச்சை என்றால் விவசாயம்.
"வரைந்தது நானில்லை, அக்கா" என்றார்.

குத்தகைக்காரர் லிம்மின் மண்வாரியை
இரவு பதினொன்றுக்குக் கடன் கேட்டோம்.
டீசல் எங்களுடையது.
ஓட்டியது பஞ்சவர்ணத்தின் மகன் யோகேந்திரன்.
வங்காளதேசத்துப் பையன்கள் எட்டுப் பேர்
மண்வெட்டியோடு பின்னால்.
இடுப்பளவு ஆழம், ஐந்தடி அகலம்,
நாலாம் லயத்தின் குளியலறைச் சுவரிலிருந்து
பழைய பம்பு வீடு வரை.
ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்தபோது
மண் ஒரு சத்தம் போட்டது,
காய்ந்த வாணலியில் ஈர வெங்காயம் விழுகிற மாதிரி.
தீ அந்தப் பக்கமே நின்றது.
விடிந்ததும் ஆளுக்கொரு மைலோ குடித்தோம்,
யாரும் எதுவும் பேசவில்லை.

ஜூனில் தபால் வந்தது.
அனுமதியின்றி நிலம் வெட்டியது,
பிரிவு பத்தொன்பது,
ஐந்நூறு ரிங்கிட்.
பஞ்சவர்ணம் சொன்னதை இங்கே எழுத முடியாது.
நான் மேல்வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு சத்தமாகப் படித்தேன்:
நாலாம் லயம், ஏழாம் கதவிலுள்ள
வீட்டில் வசிக்கும்
யோகேந்திரன் த/பெ சின்னக்கண்ணு.

"இன்னொரு தரம் படி" என்றார் விக்டர்.
வீட்டில்.
ரூமா என்றே அச்சடித்திருந்தது,
கீழே முத்திரை, தேதி, கையெழுத்து.
அறுபத்து மூன்று வருடத்தில்
எந்தத் தாளும் எங்களை அப்படிச் சொன்னதில்லை.
தோட்டக் கணக்கில்கூடக் கதவுதான்.
தப்புச் செய்தவனைத் தேடி வந்தபோதுதான்
அவன் வீட்டில் இருந்தது தெரிந்திருக்கிறது.

தாளும் சில்லறையுமாகச் சேர்த்தோம்.
லிம் ஐம்பது கொடுத்தார், பையன்கள் எண்பது.
நில அலுவலகத்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
தவணையில் கட்டலாம்,
மேல்முறையீடும் செய்யலாம் என்றாள்.
வேண்டாம் என்றோம்.
ரசீதிலும் அந்த முகவரியை எழுதச் சொன்னோம்,
முழுதாக.
அவள் ஒருமுறை எங்களை நிமிர்ந்து பார்த்தாள்.

எதிர்க்கடையில் இருபத்திரண்டு நகல்,
கதவுக்கு ஒன்று.
அசல் என் எடைமேடை இழுப்பறையில்.
வரைபடத்தைத் திருத்த
அடுத்த வியாழன் கருத்துக் கேட்கிறார்களாம்.

கரிமண் மறுபடி காய்கிறது.
வாய்க்காலில் தண்ணீர் ஒரு சாண்.
யோகேந்திரன் குச்சி விட்டு அளந்துவிட்டு வந்து,
காலைக் கழுவிக்கொண்டே கேட்கிறான்,
இன்னும் ரெண்டடி வெட்டினா
இந்தத் தடவை எவ்வளவு போடுவாங்க?